வேலியில் தானாக ஏறும் காய்வள்ளிக்கொடி: விடலாமா, வெட்டலாமா?

கேள்வி: வேலியோர மரங்களில் இதய வடிவ இலையுள்ள கொடி ஒன்று தானாக ஏறுகிறது. இலைக்கணுவில் உருளைக்கிழங்கு போலக் காய்க்கிறது. கோடையில் காய்ந்துவிடுகிறது, மழை விழுந்ததும் மறுபடி வருகிறது. மரத்தைக் கெடுக்குமா? கிழங்கைத் தின்னலாமா?

பதில்: முதலில் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருண்டையாக, வழவழவென்று இருந்து, இலைகளும் மாற்றி மாற்றி அமைந்திருந்தால் அது காட்டுக் காய்வள்ளிதான். தண்டு நெடுக மெல்லிய சிறகு போல விளிம்பு ஓடினால் பெருவள்ளி. இரண்டும் மரத்தைச் சுற்றும் திசையே வேறு.

காய்வள்ளி காட்டின் ஓரத்துச் செடி. அடர்ந்த நிழலுக்குள் அது தேறாது. ஓடைக்கரை, மரம் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடம், வேலியோரம் இவைதான் அதற்குப் பிடிக்கும். அடியில் இலைமக்கு மண் வேண்டும், உச்சியில் வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. உங்கள் வேலி அத்தனையையும் கொடுக்கிறது. கோடையில் கொடிதான் காய்கிறது. மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது.

நாம் காய் என்று சொல்வது உண்மையில் காயே அல்ல, கணுவில் விளையும் கிழங்கு. உண்மையான காய் மூன்று சிறகுள்ள சிறு கூடு. அதற்குள் காற்றில் பறக்கும் விதை இருக்கும். ஆண் கொடியும் பெண் கொடியும் வேறு வேறு என்பதால் இரண்டும் அருகருகே இருந்தால்தான் விதை பிடிக்கும். ஆனால் கணுக்கிழங்குக்கு அந்தத் துணை தேவையில்லை. சுண்டைக்காய் அளவுள்ளதுகூட விழுந்த இடத்தில் முளைக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் இது காடுகளையே மூடிப் பரவியதற்கு இந்தக் கணுக்கிழங்குதான் காரணம்.

இது மரத்தின் சாற்றை உறிஞ்சாது. பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். இளங்கன்றுகள்தான் பாவம், நல்ல மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு 20 செ.மீ. வரை வளரும் கொடி மேலே போர்த்திக்கொண்டால் வெளிச்சமில்லாமல் நலிந்துபோகும். கன்றுகள் மேலிருந்து கட்டாயம் இறக்கிவிடுங்கள்.

தின்பது பற்றி: வேண்டாம். தோட்டத்தில் வளர்க்கும் காய்வள்ளியில் உண்ணும் வகைகள் உண்டு, உண்மைதான். ஆனால் காட்டு வகையில் கசப்போடு கல்லீரலைக் கெடுக்கும் நச்சும் இருக்கிறது. வேகவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். மாட்டுக்கும் போட வேண்டாம்.

கொடியைக் குறைக்க வேண்டுமானால் கணுக்கிழங்குகள் உதிரும் முன்பே பறித்துவிடுங்கள். எருக்குழியில் போட்டால் அங்கேயே முளைக்கும். அப்புறம், கொடி பச்சையாக இருக்கும்போதே அடித்தண்டின் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். காய்ந்த பிறகு கிழங்கு எங்கே இருக்கிறது என்று தேடாமல் தோண்டி எடுக்கலாம்.