படச்சுருளில் 30 ஆண்டுகள் பழகியவர் 4,000 ரிங்கிட்டுக்குள் எந்த டிஜிட்டல் கேமரா வாங்கலாம்?

பினாங்கில் இருப்பதாகவும், நிக்கான் எஃப்எம்2 கேமராவும் 28, 50, 105 மி.மீ. லென்ஸ்களும் கைவசம் உள்ளதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய அதே பெட்டியோடுதான் நானும் 2012-இல், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு கடைப்படி ஏறினேன். எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய லென்ஸ்களை மேசைமேல் வைத்து, "இவற்றைப் பயன்படுத்த முடியுமா?" என்று கேட்டேன். "அருமையாகப் பொருந்தும் அண்ணே" என்ற விற்பனையாளர், மெகாபிக்சல் பெருமையைப் பேசி ஒரு தொடக்கநிலைக் கேமராவை என் கையில் கொடுத்தார். பொருந்தியது உண்மைதான். ஆனால் அந்த வகைக் கேமராவில் பழைய லென்ஸைப் பூட்டினால், வெளிச்சத்தை அளந்து சொல்லும் ஒளிமீட்டர் வேலை செய்யாது என்பதை அவர் சொல்லவில்லை. முப்பது ஆண்டு அனுபவத்தை நம்பி வருபவரிடம் மறைக்கக்கூடிய செய்தியா அது? இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் அதிகாலை லெபோ பினாங்கில் வெள்ளி ரதம் புறப்படும் இடத்தில் நின்றேன். படச்சுருளின் இடத்தில் ஒளியைப் பதியும் சென்சார் படச்சுருளைவிடச் சிறியது என்பதால் என் 28 மி.மீ. லென்ஸ் 42 மி.மீ. போல நடந்துகொண்டது, ஐந்தடி நடைபாதைத் தூணில் முதுகு முட்டும்வரை பின்வாங்கியும் ரதத்தின் உச்சி சட்டத்துக்குள் அடங்கவில்லை. மீட்டர் இல்லாவிட்டால் என்ன, கண்ணே மீட்டர் என்று நினைத்து, நெகட்டிவுக்குக் கொடுப்பதுபோல ஒளியைத் தாராளமாகவே கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோது, பால்குடம் ஏந்திய முதியவர் ஒருவரின் நெற்றியில் மூன்று கோடாக இருந்த திருநீறு, கோடே இல்லாத ஒரே வெள்ளைத் திட்டாகியிருந்தது. நெகட்டிவாக இருந்தால் அந்த இடம் அடர்ந்து கிடக்கும்; இருட்டறையில் அங்கு மட்டும் கூடுதலாக ஒளி காட்டிக் கோடுகளை மீட்டிருப்பேன். டிஜிட்டலில் வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஸ்லைடு பிலிமுக்கு அளப்பதுபோல வெளிச்சப் பகுதிக்கு அளந்து, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்து, நிழலைப் பிறகு தூக்கிக்கொள்வதே முறை என்பதை அன்றுதான் கற்றேன்.

ஆகவே, மெகாபிக்சலை விட்டுவிட்டு உங்கள் லென்ஸ்களிலிருந்து தொடங்குங்கள். நிக்கானிலேயே டி3000, டி5000 வரிசைகளில் அவற்றுக்கு மீட்டர் கிடையாது. டி7000, டி7100, டி7200 ஆகியவற்றில் உண்டு. பின்னால் வந்த டி7500-இல் அதை எடுத்துவிட்டார்கள். நான் இப்போது வைத்திருப்பது பழையதாக வாங்கிய சோனி ஏ7 இரண்டாம் பதிப்பு. படச்சுருள் அளவே உள்ள முழு அளவுச் சென்சார் என்பதால் ஒரு சாதாரண உலோக அடாப்டர் வழியே 28 மீண்டும் 28 ஆகவே இருக்கிறது, மீட்டரும் வேலை செய்கிறது. வியூஃபைண்டரில் காட்சியைப் பெரிதாக்கிக் குவியம் பார்க்கலாம் என்பது, குவியம் சரியானதும் இரு பாதியும் ஒன்றுசேரும் எஃப்எம்2-இன் பிளவுப் படத்தைப் பிரிந்து தவித்த எனக்குப் பெரிய ஆறுதல். லென்ஸின் குவியத்தொலைவை (28, 50 என்ற அந்த எண்ணை) மெனுவில் நாமே குறித்துவிட்டால் கை நடுக்கத்தையும் சென்சார் ஈடுகட்டுகிறது.

பழைய லென்ஸைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும், தானியங்கிக் குவியம் உள்ள புதிய லென்ஸ் வாங்கலாமே என்று சிலர் பின்னூட்டம் இடுவார்கள். ஓடியாடும் பேரப்பிள்ளைகளை எடுப்பதுதான் நோக்கமென்றால் அவர்கள் சொல்வது சரி; நான் மறுக்கவில்லை. அப்படியானால் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி வரிசையைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் மேற்பக்கத்தில் ஷட்டர் வேகத்துக்கெனத் தனிச் சக்கரம் இருப்பதால் கை உடனே பழகிவிடும். லென்ஸ் மட்டும் எக்ஸ்எஃப் வகையாக இருக்கட்டும், எக்ஸ்சி வகையில் ஒளி நுழையும் துளையை மாற்றும் அபெர்ச்சர் வளையம் இல்லை. ஃபியூஜி கேமராவில் அடாப்டர் வழியே உங்கள் பழைய லென்ஸைப் பூட்டினால், அதை லென்ஸ் என்று கேமரா அறியாது; அதனால் லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கும் அனுமதியை மெனுவில் முதலில் கொடுக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் 28-ஐயும் ஒரு மெமரி கார்டையும் கொண்டுபோங்கள். வாசலில் நின்று லென்ஸின் துளையை எஃப்16-க்குச் சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள அழுக்கு கரும்புள்ளிகளாகத் தெரிந்துவிடும். பழைய லென்ஸ் ஏதும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து கைவிளக்கை அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை சிலந்தி வலைபோல உள்ளே படர்ந்திருக்கும். அந்த வானப் படத்தை வீட்டுக் கணினியில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.