ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மூட்டுவாதம் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். "டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார், ஆனால் என்ன ஏது என்று விளக்கவில்லை" என்ற ஆதங்கம் பல கடிதங்களில் இருந்தது. அதனால் நாலே நாலு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

*கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. கை விரல்கள் வீங்கி, சரவாங்கி என்று சொல்லி, மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டுமாம். செல்போனில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது. அம்மாவுக்குக் கேன்சரோ என்று வீடே கலங்கிப் போயிருக்கிறது. கொடுக்கலாமா?*
*ஒரு மகள், கடையநல்லூர்*

தாராளமாகக் கொடுக்கலாம், அம்மாவுக்குக் கேன்சர் இல்லை. மெத்தோட்ரெக்சேட் முதலில் புற்றுநோய்க்கு வந்த மருந்துதான். ஆனால் அங்கே கொடுக்கும் அளவு வேறு, இங்கே கொடுக்கும் அளவு வேறு. சரவாங்கிக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு, வாரத்துக்கு 7.5 மில்லிகிராம் அளவில் தொடங்கி, தேவையைப் பார்த்து 25 வரை போவோம். புற்றுநோய்க்குக் கொடுப்பது இதைப் போலப் பல மடங்கு. இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே திரும்பி மூட்டைத் தாக்குகிறது. இந்தச் சின்ன அளவு மருந்து அதைத் தட்டி அடக்கி வைக்கிறது. அமெரிக்காவில் 1988இல் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்த மருந்து இது. இன்றைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது இதைத்தான்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. வாரம் ஒரு தடவை சாப்பிட வேண்டிய இந்த மாத்திரையைத் தெரியாமல் தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஓர் அம்மா வந்தார். களையெடுப்பு, நாற்று நடவு என்று கூலி வேலைக்குப் போகிறவர். மெத்தோட்ரெக்சேட் எழுதி, "வாரம் ஒரு தடவைதான்மா" என்று நானே வாயால் சொல்லி அனுப்பினேன். அவரும் தலையாட்டினார். ஒன்பது நாள் கழித்து மகன் அவரைத் தூக்காத குறையாகக் கூட்டி வந்தார். வாய் முழுக்கப் புண். ரசம் சாதம்கூட இறங்கவில்லை என்றார். ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் ஒருசேர இறங்கியிருந்தன. இடுப்பில் செருகியிருந்த மருந்துக் கவரை எடுத்து மேஜையில் வைத்தார். மருந்துக் கடையில் கொடுக்கும் அந்தச் சின்னக் காகிதக் கவரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். இரவு கட்டத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டிருந்தது. அவ்வளவுதான். கிழமை எழுத அந்தக் கவரில் இடமே இல்லை. சீட்டில் நான் 'வீக்லி ஒன்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவர் எப்படிப் படிப்பார்? கவர் சொன்னபடி ஒவ்வொரு ராத்திரியும் போட்டிருக்கிறார். வார்டில் சேர்த்து, இதற்கு முறிவு மருந்தான ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டோம். இரண்டு வாரம் ஆயிற்று அவர் வீடு திரும்ப. பிழைத்துக்கொண்டார்.

அன்றோடு "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு யாரும் "இல்லை" என்று சொல்வதில்லை. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தலையாட்டிவிடுவார்கள். இப்போது நான் கேட்பது இப்படி: "வீட்டுக்குப் போனதும் மருமகள் கேட்பாள், என்ன மாத்திரை, எப்போ சாப்பிடணும்னு. அவளுக்கு என்ன சொல்வீங்க?" அவர் சொல்லச் சொல்ல, எந்த இடத்தில் பிசகுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே மறக்காத ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு கறி எடுக்கும் நாள் என்றால் ஞாயிறு. என்னிடம் வரும் ஒருவருக்குச் சந்தை நாள்தான் மாத்திரை நாள். கவரில் காலை, மதியம், இரவு மூன்றையும் அடித்துவிட்டு "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். டாக்டர் சொன்ன வேறு நாளில் அதைக் கொடுங்கள். இரண்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள் என்பதால் ஒரே டப்பாவில் போடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதற்குள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிட வேண்டாம். ரத்தப் பரிசோதனை தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். வாயில் புண், காய்ச்சல், விடாத வறட்டு இருமல், மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் அந்த வார மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைப் பாருங்கள். வேறு எதற்காவது இன்னொரு டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதனோடு சேரவே கூடாது. இதைப் படிக்கும் இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை: கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் மாற்று மருந்து தருவார்.

*கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன் மேடம். தினமும் பத்துப் பேராவது மூட்டு வலி என்று வருகிறார்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் இந்தத் துறையில் பெரிதாகப் பயிற்சி கிடைக்கவில்லை. ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.எஸ்.ஓ., யூரிக் ஆசிட் மூன்றையும் எழுதிவிடுகிறேன். சரிதானா?*
*இளம் மருத்துவர், தருமபுரி மாவட்டம்*

தம்பி, இதைக் கேட்கத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். மூன்றையும் எழுதுவதற்கு முன்னால் கையைத் தொட்டுப் பாருங்கள்.

முதலில் ஏ.எஸ்.ஓ. தொண்டையில் எப்போதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து போனதை அது காட்டும், அவ்வளவுதான். அந்தக் கிருமியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. நாற்பது வயதுப் பெண்ணின் விரல் வீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ருமாட்டிக், ருமட்டாய்டு என்று இரண்டு நோயின் பெயரும் காதில் ஒன்றுபோல விழுகிறது, அதுதான் வினை. ஏ.எஸ்.ஓ. கூடியிருக்கிறது என்று மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டு, விரலெல்லாம் கோணிப்போன பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அந்தக் கைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அத்தனை வருடத்தில் சரியான மருந்து கிடைத்திருந்தால் அந்த விரல்கள் நேராக இருந்திருக்கும்.

சரவாங்கிக்கென்று எழுதும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டரும் அப்படித்தான். சரவாங்கி உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு அது வராமலே போகலாம். காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, வெறும் முதுமை என்று எதிலும் பாசிட்டிவாக வரலாம். நோயாளியைப் பார்த்து சந்தேகம் வந்த பிறகு எழுதினால்தான் அது உதவும்.

இங்கிலாந்தில் மாணவர்களுக்கு 'கால்ஸ்' என்று ஒரு எளிய பரிசோதனை சொல்லிக் கொடுக்கிறார்கள். நடை, கை, கால், முதுகு நாலையும் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் மூன்று கேள்வி: தசையிலோ மூட்டிலோ முதுகிலோ வலி, விறைப்பு உண்டா? சிரமமில்லாமல் முழுக்க உடுத்திக்கொள்ள முடிகிறதா? படி ஏறி இறங்க முடிகிறதா? நான் இதை நம் ஊருக்கு ஏற்றபடி கேட்பேன். ரவிக்கைக் கொக்கி போட முடிகிறதா? துணி பிழிய முடிகிறதா? தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா? காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. "எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எத்தனை மணிக்கு வாசலில் கோலம் போட விரல் மடங்குச்சு?" என்று கேளுங்கள். ஐந்தரைக்கு எழுந்து ஏழு மணிக்குத்தான் மடங்கியது என்றால் சரவாங்கியோ என்று சந்தேகப்பட விஷயம் கையில் வந்துவிட்டது.

அப்புறம், கைகுலுக்குவது போலப் பிடித்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டி வரிசையை இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல அழுத்துங்கள். முகம் சுளித்தால் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பாருங்கள். வயதால் வரும் மூட்டுத் தேய்மானத்தில் விரல் நுனி மூட்டு புளியங்கொட்டை போலக் கெட்டியாக இருக்கும். சரவாங்கி வீக்கம் ஊறின பஞ்சு போல மெத்தென்று இருக்கும், நுனி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். காய்ச்சல் வந்து போனதா என்றும் கேளுங்கள். 2006இல் தமிழ்நாட்டைப் படுத்திய சிக்குன்குனியாவும் மாதக்கணக்கில் இப்படி மூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

சந்தேகம் வந்துவிட்டால் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பிவிடாதீர்கள். வலி பறந்துவிடும், அவரும் பரிசோதனைக்கே போக மாட்டார். வீக்கம் தொடங்கி ஆறு வாரத்துக்குள் ருமடாலஜி டாக்டர், அதாவது மூட்டுவாத நிபுணர், பார்த்துவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். அந்த ஆறு வாரம் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது தம்பி.

இந்தத் துறையிலேயே படிக்க ஆசை வந்தால் எம்.டி. பொது மருத்துவம் முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, டி.எம். என்ற சிறப்பு மேற்படிப்பு மூன்று ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

*கேள்வி: வாதம் இருப்பவர்கள் புளி, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, தயிர் சேர்க்கக் கூடாதா?*
*வாசகி, பண்ருட்டி*

சேர்க்கலாம். சரவாங்கி உணவால் வருவதில்லை, உணவை விட்டால் போவதும் இல்லை. ஏதாவது ஒன்று உங்களுக்குத்தான் ஒத்துவரவில்லை என்றால் அதை மட்டும் விடுங்கள். யூரிக் ஆசிட் கூடி வரும் கவுட் வேறு நோய். அதில் பீரையும் ஈரல், குடல் கறியையும் குறைக்க வேண்டும். பேர் இல்லாத பொட்டலத்தில் யாராவது மூட்டு வலிப் பொடி கொடுத்து இரண்டே நாளில் வலி போனால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பல மாதம் சாப்பிட்டிருந்தால் அதைத் திடீரென்றும் நிறுத்தாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

*கேள்வி: பதினெட்டு வருடமாக இந்த நோயோடு வாழ்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். புதிதாக நோய் வந்தவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லிக் கொடுக்க ஆசை. மருத்துவம் படிக்காத நான் இதைச் செய்யலாமா?*
*வாசகி, கும்பகோணம்*

செய்யலாம் டீச்சர், அவசியம் செய்யுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் என்ற நர்ஸ் 1970களின் கடைசியில் இப்படித்தான் தொடங்கினார். வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்துபவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், பலர் நோயாளிகளே. நான்கு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, அதில் படித்தவர்களுக்கு வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டரிடம் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் உடல் முடியாமை 9 சதவீதம் கூடியிருந்தது. காரணம் என்னவென்று துருவியபோது, எவ்வளவு உடற்பயிற்சி செய்தார்கள் என்பதைவிட, "என்னால் சமாளிக்க முடியும்" என்ற தைரியம் யாருக்கு வளர்ந்ததோ அவர்கள்தான் நன்றாக இருந்தார்கள் என்று தெரிந்தது. அந்தத் தைரியத்தை என்னைவிட உங்களால் கூடுதலாகக் கொடுக்க முடியும்.

டாக்டர்களுக்கும் நீங்கள் வாத்தியாராக இருக்கலாம். எங்கள் வார்டில் ஒரு பாட்டி, பயிற்சி டாக்டர்கள் வந்தால் கையை நீட்டிவிடுவார். ஒரு பையன் எலும்பின் மேலேயே அழுத்திக்கொண்டிருந்தான். "அங்கே இல்லப்பா, ஓரத்துல தொடு. உன் கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்து, அதுக்கு மேல வேணாம்" என்று அவன் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். நகம் வெளுக்கும் அளவு என்பது நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் கணக்குதான். ஆனால் வலிக்கிற கையே சொல்லிக் கொடுத்ததை அவன் மறக்கப் போவதில்லை.

ஒரே ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள்: யாருடைய மருந்தையும் மாற்றச் சொல்லாதீர்கள், அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லாதீர்கள். உங்கள் டாக்டரிடம் சொல்லி, அவர் கிளினிக்கிலேயே மாதம் ஒரு சனிக்கிழமை ஐந்தாறு பேரோடு தொடங்குங்கள். முதல் நாள் எல்லோரையும் அவரவர் மருந்துக் கவரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கவரையும் கையில் எடுத்து, "இது எதுக்கு, எப்போ?" என்று அவர்களையே சொல்ல வையுங்கள். மெத்தோட்ரெக்சேட் கவரில் கிழமை இல்லையென்றால், அங்கேயே பேனா எடுத்து எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.