1940-இல் ஜெர்மானிய விமானப்படைக்கு எதிராக நடந்த பிரிட்டன் வான்போரில் சண்டையிட்ட ஹரிக்கேன் போர் விமானம் ஏதேனும் இன்றும் பறக்கிறதா? அதை ஓட்டிய விமானி யார்?

பறக்கிறது. அப்படி மிஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவற்றுள் பணி வரலாறு நன்றாகத் தெரிந்தது, ஆர்4118 என்ற எண் கொண்ட ஹரிக்கேன் மார்க் 1. இந்த விமானம் பிழைத்ததற்குக் காரணம் நம் காசி என்பதால் எனக்கு இதன் மேல் சற்றுக் கூடுதல் ஈர்ப்பு உண்டு.

1940-இல் இது பிரிட்டிஷ் விமானப்படையின் 605-ஆவது ஸ்குவாட்ரனுக்கு வழங்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் ட்ரெம் தளத்தில் இருந்த அந்தப் பிரிவு, லண்டன் மீது ஜெர்மானியர் பெருங்குண்டுவீச்சைத் தொடங்கிய செப்டம்பர் 7 அன்றே, நகரின் தெற்கில் உள்ள குரோய்டனுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து ஆர்4118 மொத்தம் 49 முறை போருக்குக் கிளம்பியது. ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியதில் அதற்குப் பங்கு உண்டு.

இவற்றை ஒரே விமானியின் கணக்கில் எழுதிவிட முடியாது. காலையில் யார் பணியில் இருக்கிறார், எந்த விமானம் பழுதில்லாமல் நிற்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கைகள் அமைந்தன. எனவே ஆர்4118-ஐப் பலர் ஓட்டியுள்ளனர். அவர்களுள் பிற்காலத்தில் அதன் பெயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்பட்டவர் பாப் ஃபாஸ்டர். லண்டனின் பேட்டர்சியில் 1920-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபதுதான்.

அக்டோபர் இறுதியில் சண்டையில் அடிபட்ட விமானம் பழுதுபார்க்கப்பட்டு வேறொரு ஸ்குவாட்ரனுக்கும், பிறகு பயிற்சிப் பிரிவுகளுக்கும் போனது. ஹரிக்கேனைப் பழுதுபார்ப்பது அவ்வளவு கடினமன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதன் உடற்பகுதி உலோகக் குழாய்களைத் தகடுகளாலும் போல்ட்டுகளாலும் இணைத்த கூடு. அதன் பின்பாதியில் மரச்சட்டங்கள் வைத்து, மேலே துணி போர்த்தி, சாயம் பூசியிருப்பார்கள். குண்டு துளைத்த இடத்தில் துணியை ஒட்டி மறுநாளே மேலே அனுப்பிவிடலாம். வேகத்தில் பிரிட்டனின் மற்றொரு போர் விமானமான ஸ்பிட்ஃபயருக்கு ஈடாகாத இந்த விமானம்தான் அந்தப் போரில் அதைவிட அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியது. புகழ் முழுவதும் ஸ்பிட்ஃபயருக்குப் போய்விட்டது நியாயமில்லை என்பது என் கருத்து.

1943 இறுதியில், போர்முனைக்குப் பழையதாகிவிட்ட ஆர்4118, பயிற்சி விமானமாகக் கப்பலேறி இந்தியா வந்தது. போர் முடிந்தபின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக ஒப்படைக்கப்பட்டது. பின்னர் பல ஆண்டுகள் வளாகத்தில் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. இங்கிலாந்தில் இருந்திருந்தால் இதன் கதி வேறாகியிருக்கும்: போர் முடிந்ததும் அங்கே ஆயிரக்கணக்கான விமானங்கள் உடைக்கப்பட்டு உலோகமாக உருக்கப்பட்டன. இங்கே யாரும் தொடாததால், உருக்குலைந்தாலும் அதன் பெரும்பகுதி அப்படியே மிஞ்சியது.

பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தேடி 1982-இல் இந்தியா வந்த பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டார். ஆனால் நம் அலுவலக நடைமுறைகளை அறிந்தவர்கள் வியக்க மாட்டார்கள்: விமானம் அவர் கைக்கு வந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது 2001-இல்தான். புதுப்பிக்கும் வேலை முடிந்து 2004 டிசம்பரில் மீண்டும் வானேறியது. பக்கவாட்டில் 605-ஆவது ஸ்குவாட்ரனின் யூபி-டபிள்யூ என்ற அடையாள எழுத்துகளையே தீட்டியிருக்கிறார்கள்.

ஃபாஸ்டர் 1943-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைக் காத்த 54-ஆவது ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் ஓட்டினார். பிப்ரவரி 6 அன்று அவர் வீழ்த்திய ஜப்பானிய மிட்சுபிஷி உளவு விமானமே, ஆஸ்திரேலிய வானில் ஸ்பிட்ஃபயருக்குக் கிடைத்த முதல் வெற்றி. அதே ஆண்டு, விமானிகளின் வீரத்துக்கு வழங்கப்படும் டிஎஃப்சி விருது பெற்றார். போருக்குப் பின் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றினார். 2014-இல் காலமானபோது அவருக்கு வயது 94. தாம் இருபது வயதில் ஓட்டிய விமானம் மறுபடி பறந்த காலத்திலும் அவர் உயிரோடிருந்தார். விமானத்தை நேரில் பார்க்க விரும்பினால், இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஓல்ட் வார்டன் விமானத் தளத்தில் நடக்கும் கண்காட்சி நாள்களை விசாரித்துவிட்டுப் போங்கள்.