தையல் கேள்வி-பதில்: குளிருக்கு ஒரு புளூமர்

மழை விட்டுப் பனி ஆரம்பித்தால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் புளூமர்தான், அதாவது ஃப்ராக்குக்கோ பாவாடைக்கோ உள்ளே போடும் தொளதொளக் கால்சட்டை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகள் பிரான்ஸில் இருக்கிறாள். பேத்திக்கு ஜனவரியில் ஒரு வயது முடிகிறது. ஃப்ராக்குக்குக் கீழே போட, குளிர் தாங்குகிற மாதிரி ஒரு புளூமர் என் கையாலேயே தைத்து அனுப்ப ஆசை. மிதி மெஷினில் புடவைக்கு ஓரம் அடிப்பேன், அவ்வளவுதான். துணி வெட்டத் தெரியாது. முடியுமா?
– ஒரு பாட்டி, முத்தியால்பேட்டை

ஓரம் நேராக அடிக்கத் தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது அம்மா. புளூமரில் வளைவு என்று இருப்பது கவட்டைப் பகுதி மட்டும்தான்.

முதலில் துணி. புதுச்சேரி நேரு வீதிக் கடைகளில் ஃபிளானல் (மேலே மெல்லிய பஞ்சு எழும்பிய நெய்த துணி) என்று கேட்டால் சில சமயம் ஃபிளீஸை எடுத்துப் போடுவார்கள். இரண்டும் தொட்டால் மெத்தென்று இருக்கும். ஃபிளீஸ் பெரும்பாலும் பாலியஸ்டர். அது கதகதப்பாக இருந்தாலும் வியர்வையை உறிஞ்சாது. அதோடு மெஷின் பாதத்தின் கீழே இழுபட்டுப் புதுக்கைகளை அழ வைக்கும். உங்களுக்கு வேண்டியது பருத்தி ஃபிளானல். சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து பொடிச் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியாக உருண்டு நிற்கும்.

முப்பத்தாறு இன்ச் அகலத்தில் முக்கால் மீட்டர் வாங்குங்கள். வாங்கியதும் கத்தரியை எடுக்காதீர்கள். சுடுநீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். ஃபிளானல் மீட்டருக்கு இரண்டு இன்ச் சுருங்குவது சாதாரணம். நீங்கள் தைத்து அனுப்பி, அங்கே மகள் வாஷிங் மெஷினில் போட்டதும் அது பொம்மைக்கு ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

இன்னொன்றையும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். குழந்தையை வெளியே கூட்டிப் போகும்போது இடுப்பு வரை ஏறும் நீளக் காலுறை போட்டு, அதற்கு மேல் புளூமர் மாட்டுவார்கள். உள்ளே டயப்பரும் இருக்கும். அதனால் இறுக்கமான அளவு வேண்டாம்.

வெட்டும் விதம் இதுதான். இடது காலுக்கு ஒரு துண்டு, வலது காலுக்கு ஒரு துண்டு. தொடையின் வெளிப்பக்கத்தில் தையலே கிடையாது. புட்டச் சுற்றளவு 20 இன்ச் என்றால் தளர்வுக்கு 6 சேர்த்து 26. அதில் பாதி, 13 இன்ச், ஒரு துண்டின் மேல் அகலம். கவட்டைக்கு வரும் இடத்தில் முன்பக்கம் 1 இன்ச், பின்பக்கம் ஒன்றரை இன்ச் வெளியே தள்ளி வளைவு போடுங்கள். இடுப்பிலிருந்து கவட்டை வரை முன்பக்க உயரம் 8, பின்பக்கம் ஒன்பதரை. பின்னால் அந்த ஒன்றரை இன்ச் கூடுதலாக விடாவிட்டால், குழந்தை குனிந்த உடனே புளூமர் இறங்கி டயப்பர் எட்டிப் பார்க்கும். கவட்டைக்குக் கீழே கால் நீளம் 3 இன்ச். இவை எல்லாம் தைத்து முடித்த அளவு. சுற்றித் தையலுக்கு அரை இன்ச்சும், இடுப்பிலும் காலிலும் எலாஸ்டிக் மடிப்புக்கு ஒண்ணே கால் இன்ச்சும் தனியாக விட வேண்டும்.

இதையெல்லாம் நேரே புதுத் துணியில் வரையாதீர்கள். தினத்தாளில் வரைந்து, வீட்டில் பழைய கைலி இருக்கும் அல்லவா, அதில் ஒன்று தைத்துப் பாருங்கள். துவைத்துத் துவைத்து நைந்த குறிஞ்சிப்பாடிக் கைலியைவிட நல்ல பழகுதுணி கிடையாது. நழுவாது, கட்டம் போட்டிருப்பதால் நேராக வெட்டவும் சுலபம்.

தைக்கும்போது இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து முன் வளைவு, பின் வளைவு இரண்டையும் அடியுங்கள். பிறகு முன் தையலும் பின் தையலும் நேருக்கு நேர் வரும்படி துணியைத் திருப்பி மடித்து, ஒரு கால் நுனியில் தொடங்கிக் கவட்டை வழியாக அடுத்த கால் நுனி வரை ஒரே ஓட்டமாக உள்தையல். கவட்டையில் மட்டும் இரட்டைத் தையல் போடுங்கள். வளைவில் தையல் அறுந்துவிடாமல் ஓரத்தில் சின்னச் சின்னக் கீறல் கொடுத்தால் சுருக்கம் விழாது. ஊசி 14-ஆம் நம்பர் போதும், தையல் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். ஃபிளானல் பஞ்சு கொட்டும். வேலை முடிந்ததும் பாபின் பெட்டியைக் கழற்றிப் பிரஷ்ஷால் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மெஷின் அடிக்கடி நூல் அறுக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களுக்குப் பாதி வைத்தியம் இதுதான்.

கேள்வி: நம் ஊர் மார்கழிக்கும் ஃபிளானல் புளூமர் போடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

வேண்டாம். கடற்கரை ஊரில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நமக்கு வருவது ஈரப் பனி, குளிர் இல்லை. ஃபிளானல் போட்டுத் தூங்க வைத்தால் விடிவதற்குள் தொடை இடுக்கில் வியர்க்குரு. மெல்லிய கேம்ப்ரிக் துணியை இரட்டையாக வைத்துத் தையுங்கள், போதும். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைகளில் கேளுங்கள், கிடைக்கும். அப்புறம், ஃபிளானலின் மேல்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். போகி அன்று அந்த உடையோடு குழந்தையை நெருப்புப் பக்கம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஃபிரில் வைத்த நைலான் நெட் அதைவிட மோசம், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். அக்கா குழந்தைக்கு எட்டு மாதம். புளூமரில் முத்து, குட்டி மணி, சாட்டின் போ (ரிப்பன் முடிச்சு), பின்னால் அடுக்கு ஃபிரில் எல்லாம் வைத்து கிறிஸ்துமஸுக்குப் பரிசாகக் கொடுக்கப் போகிறேன். தைத்து முடித்த பிறகு அலங்காரமா, முன்னாலா?
– மாணவி, நெல்லிக்குப்பம்

முன்னால், கண்ணம்மா. கால் இரண்டும் சேர்ந்துவிட்டால் குழாய்க்குள் கைவிட்டுப் பூத்தையல் போடுகிற கதையாகிவிடும். துண்டு துண்டாகத் தட்டையாக இருக்கும்போதே எம்பிராய்டரி, லேஸ், ஃபிரில் எல்லாவற்றையும் முடித்துவிடு.

முத்தும் மணியும் கூடாது. எட்டு மாதக் குழந்தை கைக்குக் கிடைத்ததை வாய்க்குத்தான் கொண்டுபோகும். மூன்று வயது வரை பட்டன்கூட நான் வைக்க மாட்டேன். முத்து வேண்டிய இடத்தில் பிரெஞ்சு முடிச்சு போட்டுப் பார். ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி, வெளியே வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஓர் இழை தள்ளி உள்ளே இறக்க வேண்டும். அதே ஓட்டைக்குள் விட்டால் முடிச்சு நழுவிப் பின்பக்கம் போய்விடும். சுற்றிலும் லேசி டெய்சி (தனித்தனிச் சங்கிலிக் கண்ணியாகப் போடும் தையல்) இதழ் ஐந்து போட்டால் ஒரு பூ ரெடி. சிவப்பு நூல் வாங்கினால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்.

பின்பக்க ஃபிரில் அழகுதான், அதிலும் குழந்தை தவழும்போது பார்க்க வேண்டும்! ஆனால் உட்காரும் இடத்தில் வைக்காதே. இடுப்பிலிருந்து இரண்டு இன்ச் கீழே தொடங்கி இரண்டு அடுக்கு, அதோடு நிறுத்து. ஃபிரில் துண்டு, தைக்கும் இடத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். அதையும் ஃபிளானலிலேயே வெட்டினால் மொத்தையாக நிற்கும், கேம்ப்ரிக்கில் வெட்டு. மெஷினில் தையலைப் பெரிதாக வைத்து இரண்டு வரி ஓட்டி, அடிநூல்களைச் சேர்த்து இழுத்தால் சுருக்கு சமமாக விழும்.

சாட்டின் போவை நடுவில் மட்டும் பிடித்துத் தைத்தால் ஒரே இழுவையில் வந்துவிடும். இரண்டு காதுகளையும் சேர்த்துத் துணியோடு தைத்துவிடு. கடைசியாக, பூத்தையலின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார். முடிச்சு உறுத்தினால் உள்ளே மெல்லிய பருத்தித் துண்டு வைத்து மூடு. கைவேலையின் தரத்தை நான் பின்பக்கம் பார்த்துத்தான் சொல்வேன். புதுச்சேரிப் பக்கம் வந்தால் ரோமன் ரோலன் வீதி குளூனி எம்பிராய்டரி மையத்தில் பெண்கள் போடும் வெள்ளைத் துணி வேலையைப் பார்த்துவிட்டுப் போ.

கேள்வி: எலாஸ்டிக் உள்ளே முறுக்கிக்கொள்கிறது. இடுப்பில் சிவப்புத் தடம் வேறு விழுகிறது.
– வாசகி, வில்லியனூர்

முறுக்குவதற்குக் காரணம் மடிப்பு அகலம். அரை இன்ச் எலாஸ்டிக் என்றால் மடிப்பு முக்கால் இன்ச்சுக்கு மேல் வேண்டாம். ஊக்கு மாட்டிக் கோர்க்கும்போது மறுநுனியைத் துணியோடு குத்தி வைத்துக்கொள்ளுங்கள். முனைகளைச் சேர்த்துத் தைத்த பிறகு இடுப்பு முழுக்க ஒரு முறை இழுத்து விட்டு, இரண்டு பக்கத்திலும் நெடுக்காக ஒரு சின்னத் தையல் போட்டால் அப்புறம் புரளாது.

தடம் விழுவது அளவுப் பிரச்சினை. இடுப்பு 18 என்றால் 17 இன்ச் வெட்டி, 1 இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தையுங்கள். முடிந்ததும் 16 இருக்கும். காலுக்குக் கால் இன்ச் எலாஸ்டிக், தொடையைவிட 1 இன்ச்தான் குறைவு. போட்ட பிறகு உங்கள் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும்.

கேள்வி: எனக்கு 63 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. டிசம்பரில் டில்லியில் மகன் வீட்டில் தங்கப் போகிறேன். புடவைதான் கட்டுவேன், கால் விறைத்துப்போகிறது. இந்த வயதில் புளூமர் போட்டால் சிரிப்பார்களா?
– லாஸ்பேட்டை

உள்ளே போடுவதை யார் டீச்சர் பார்க்கப் போகிறார்கள்? அமெரிக்காவில் 1850-களில் பெண்கள் இந்த மாதிரி தொளதொளக் கால்சட்டையை வெளியிலேயே போட்டு நடந்து, ஊர் சிரித்ததையும் தாங்கிக்கொண்டார்கள். நீங்கள் பாவாடைக்கு அடியில் போடப் போகிறீர்கள், தாராளமாகப் போடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே நான்கு இன்ச் வரை இறங்கட்டும். இடுப்பைச் சுற்றி முழுக்க எலாஸ்டிக் வேண்டாம், பாவாடை நாடாவும் அதே இடத்தில் இறுக்குவதால் புண்ணாகும். முன்பக்கம் பட்டையாக வைத்து, பின்பக்கம் மட்டும் தளர்வான எலாஸ்டிக் கொடுங்கள். கால் முனைக்கு எலாஸ்டிக்குப் பதில் பழைய பனியனின் ஓரப் பட்டி வைத்தால் ரத்த ஓட்டத்தைத் தடுக்காது. துணி இரண்டரை மீட்டர் ஆகும். நிறம் கருப்போ மெரூனோ எடுங்கள், டில்லிக் குளிரில் ஃபிளானல் காய இரண்டு நாள் ஆகும் என்பதால் இரண்டாகத் தைத்துக்கொள்வது நல்லது. லேஸ் வைக்க ஆசையாக இருந்தால் வையுங்கள். வலது தொடைப் பக்கம் ஜிப் வைத்து ஒரு பாக்கெட்டும் தைத்துவிடுங்கள், ரயிலில் பணம் வைத்துக்கொள்ள உதவும்.