கேளுங்க சொல்றோம்: மே லீவுல ஆல்ப்ஸ் போகலாமா?

நம்ம புதுச்சேரில தெருவுக்கு ரெண்டு வீட்லயாவது பிரான்ஸ்ல ஒரு சித்தப்பாவோ அக்காவோ இருக்காங்க, அதனாலயோ என்னவோ இந்தத் தடவ வந்த கேள்வில முக்காவாசி ஷமோனி பத்தித்தான். மோன் பிளான் மலை அடிவாரத்துல 1035 மீட்டர் உயரத்துல இருக்கற ஊர், அத சுத்தி லே ஊஷ், அர்ஜான்தியேர், வலோர்சின்னு சின்னச் சின்ன மலை கிராமங்க. எல்லாருக்கும் ஒண்ணா பதில் சொல்லிடறேன்.

கேள்வி: பாரீஸ்ல அண்ணன் வீட்டுக்கு மே மாசம் பசங்க லீவுல போறோம். ஒரு நாள் மட்டும் ஷமோனி போயிட்டு வந்துடலாம்னு அண்ணி சொல்றாங்க. முடியுமா? (வாசகி, முத்தியால்பேட்டை)

அண்ணி சொல்றாங்களேன்னு தலையாட்டிடாதீங்கம்மா. பாரீஸ்லேருந்து ரயில்ல போனா கிட்டத்தட்ட 6 மணி நேரம், அதுவும் கடைசில சின்ன மலை ரயிலுக்கு மாறணும், ஜெனிவாவுக்கு ஃப்ளைட்ல போயி பஸ் புடிச்சாலும் அங்கேருந்து ஒண்ணேகால் மணி நேரம் ரோடு. போன வேகத்துல திரும்பணும்னா மலைய ரயில் ஜன்னல்லதான் பாக்கணும். அத விடப் பெரிய பிரச்சனை மே மாசம். நமக்கு கத்திரி வெயில் லீவு, அவங்களுக்கு அது ரெண்டுங்கெட்டான் காலம்: பனிச்சறுக்கு சீசன் முடிஞ்சிருக்கும், கோடை சீசன் ஆரம்பிச்சிருக்காது, ரோப் கார் பலதும் மெயின்டனன்ஸ்னு மூடியிருக்கும், ஹோட்டல்காரங்களே லீவு போட்டுட்டுப் போயிருப்பாங்க, 2000 மீட்டருக்கு மேல நடைபாதை எல்லாம் பனி மூடிக் கெடக்கும். ஜூன் பாதிலேருந்து செப்டம்பர் பாதி வரைக்கும்தான் நம்மள மாதிரி நடந்து பாக்கறவங்களுக்கு சரியான நேரம், ஜூன் கடைசில ராத்திரி ஒம்பது மணிக்குக் கூட வெளிச்சம் இருக்கும். பசங்க ஸ்கூல் விஷயம் உங்க பாடு, ஒரு வாரம் லீவு சொல்லிக்கலாம்னா சொல்லுங்க.

எப்ப போனாலும் மூணு ராத்திரி தங்குங்க. காரணம் மழை மேகம். அந்த மலைல காலைல பளிச்சுனு இருக்கும், மத்தியானம் மேகம் ஏறிடும், சாயங்காலம் இடி இடிக்கும், கோடைல இது சாதாரணம். உச்சிக்குப் போற நாள முன்னாடியே முடிவு பண்ணாம, காலைல எழுந்ததும் மேல இருக்கற வெப்கேம போன்ல பாத்துட்டு அன்னிக்கு மேல போறதா கீழ நடக்கறதான்னு முடிவு பண்ணணும். ஒரே நாள்ல கூட்டிட்டுப் போற பேக்கேஜ்ல இதுக்கு வழியே கெடையாது, கெடச்ச வானத்த பாத்துட்டு வரவேண்டியதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, பிபி, சுகர் ரெண்டும் இருக்கு. அந்த உச்சி ரோப் கார்ல கூட்டிட்டுப் போகலாமா? (வாசகர், லாஸ்பேட்டை)

எகுயி து மிதினு சொல்ற முனையத்தான் கேக்கறீங்க. 1955-லேருந்து ஓடற ரோப் கார், நடுவுல ஒரு எடத்துல மாறி, 20 நிமிஷத்துல 3842 மீட்டருக்குக் கொண்டுபோயி விட்டுடும். நம்ம தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான்னு வெச்சுக்குங்க. கடல்மட்டத்துல பொறந்து வளந்த நமக்கு ஒடம்பு பழகறதுக்கு நேரமே கொடுக்காம தூக்கிட்டுப் போறாங்க, மேல கெடைக்கற ஆக்சிஜன் கீழ கெடைக்கறதுல மூணுல ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. நல்லா இருக்கறவங்களுக்கே ரெண்டு படி வேகமா ஏறினா தலை சுத்தும். அம்மா விஷயத்த டாக்டர்ட்ட கேக்காம டிக்கெட் போடாதீங்க. அவர் வேணாம்னுட்டா வருத்தப்படவும் வேணாம்: கையான்ங்கற எடத்துல ஒரு சின்ன ஏரி இருக்கு, சமதரை, ஏரிக்கரைல ஒக்காந்தா மோன் பிளான் மொத்தமும் தண்ணில தலைகீழா தெரியும், பக்கத்துப் பாறைல பசங்க கயிறு கட்டி ஏறிட்டிருப்பாங்க, அம்மாவுக்கு பொழுது போறதே தெரியாது. மலை ரயில்லயே வலோர்சின் வரைக்கும் ஜன்னலோரமா ஒக்காந்து போயிட்டும் வரலாம். தங்கற எடத்துல கெஸ்ட் கார்டு கேட்டு வாங்கிக்குங்க, ஊர் பஸ்ஸுக்கு காசு கேக்க மாட்டாங்க.

நீங்க மட்டும் மேல போனீங்கன்னா 2013-ல கட்டின கண்ணாடிப் பெட்டிக்குள்ள நின்னு பாருங்க. ஷூ மேல மாட்டிக்க துணி செருப்பு ஒண்ணு கொடுப்பாங்க, கண்ணாடில கீறல் விழக்கூடாதுன்னு. காலுக்குக் கீழ 1000 மீட்டருக்கு ஒண்ணும் கெடையாது. தைரியசாலினு சொல்லிக்கறவங்கதான் அங்க செவுத்த புடிச்சுட்டு நிப்பாங்க.

கேள்வி: அணு விஞ்ஞானி ஹோமி பாபா போன விமானம் விழுந்தது அந்த மலைலதானே? சதினு சொல்றாங்களே, அங்க போனா ஏதாவது பாக்க முடியுமா? (கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்)

அதே மலைதான் தம்பி. 1966 ஜனவரி 24, ஏர் இந்தியாவோட காஞ்சன்ஜங்காங்கற போயிங் 707, பம்பாய்லேருந்து லண்டன் போறது, ஜெனிவால எறங்கறதுக்கு முன்னாடி மோன் பிளான் உச்சிக்குக் கொஞ்சம் கீழ மோதிடுச்சு, 117 பேர்ல ஒருத்தரும் பொழைக்கல. அதுக்கு முன்னாடியே 1950 நவம்பர் 3-ம் தேதி மலபார் பிரின்சஸ்ங்கற இன்னொரு ஏர் இந்தியா விமானமும் இதே மலைல விழுந்து 48 பேர் போனாங்க. ஒரே மலைல நம்ம விமானம் ரெண்டு. சதிக்கதை எல்லாம் யூடியூப்ல நெறைய ஓடுது, ஆனா விசாரணைல வந்தது இதுதான்: விமானத்துல திசை காட்டற கருவி ஒண்ணு வேல செய்யல, ரேடார்ல பாத்துட்டிருந்தவர் சொன்ன எடத்த பைலட் தப்பா புரிஞ்சுக்கிட்டு மலைய தாண்டிட்டோம்னு நெனச்சு எறக்கிட்டார். எனக்கும் இதுதான் நம்பற மாதிரி இருக்கு.

பாக்க முடியுமான்னா, ஊருக்குள்ள நின்னு நிமிந்து பாத்தாலே போசோன் பனியாறு மலைச்சரிவுல தொங்கிட்டிருக்கறது தெரியும். மேல விழுந்தத பனி உள்ள இழுத்துக்கிட்டு மெதுமெதுவா கீழ நகத்திட்டு வருது, நாப்பது அம்பது வருஷம் கழிச்சு அடிவாரத்துல கக்குது. 2012-ல இந்தியத் தூதரகத் தபால் பை கெடச்சுது, அடுத்த வருஷம் மலையேறற ஒருத்தருக்கு மரகதம், நீலம் எல்லாம் இருந்த பெட்டி கெடச்சு நேரா போலீஸ்ல ஒப்படைச்சார், 2021-ல அதுல பாதி அவருக்கு, பாதி ஊராட்சிக்குனு பிரிச்சுக் கொடுத்தாங்க. 2020-ல இந்திரா காந்தி பிரதமராகற செய்தி போட்ட பேப்பருங்க, காயவெச்சா படிக்கற மாதிரியே கெடச்சுது. அந்தம்மா பதவி ஏத்துக்கிட்டதும் விமானம் விழுந்த அதே நாள்தான்.

பனியாறு எப்படிச் சுருங்குதுன்னு பாக்கணும்னா மோந்தன்வேர் போ. நூறு வருஷத்துக்கு மேல ஓடற செவப்பு ரயில் 1913 மீட்டருக்கு ஏத்தி விடும், கீழ மெர் த க்ளாஸ் பனியாறு. பாறைல அங்கங்க வருஷம் எழுதின பலகை அடிச்சிருக்காங்க, 1990-ல பனி இங்க இருந்துச்சு, 2000-ல இங்க இருந்துச்சுனு, நீ எறங்கிட்டே இருக்க பனி மட்டும் வரவே வராது. படியே 500-க்கு மேல போயிடுச்சு, கடைசில 2024-ல பனி மிச்சம் இருக்கற மேல்பக்கத்துக்கு புது ரோப் கார் போட்டாங்க. ஒண்ணு மட்டும், கைடு இல்லாம பனியாத்து மேல கால் வைக்காத. மேல புதுப்பனி மூடியிருக்கும், அடில எத்தன ஆழம் வெடிச்சிருக்குனு தெரியாது.

கேள்வி: பெருசா ட்ரெக்கிங் பழக்கம் இல்ல. ஒரே ஒரு நடை மட்டும் போகணும்னா எது? (வாசகி, அரியாங்குப்பம்)

லாக் பிளான். ஃப்ளேஜேர்ங்கற ரோப் கார் ஸ்டேஷன்லேருந்து நடந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள 2352 மீட்டர்ல ஏரி, எதிர்ல மோன் பிளான் வரிசை முழுக்க. ஏறறது 475 மீட்டர், மூச்சு வாங்கும், நின்னு நின்னு போங்க. வழில விசில் சத்தம் கேட்டா யாரோ கிண்டல் பண்றாங்கனு திரும்பாதீங்க, மார்மட்னு குண்டு அணில் வகை, ஆள் வந்தா மத்ததுக்கு எச்சரிக்கை கொடுக்குது. ஏறவே வேணாம்னா எகுயி து மிதி ரோப் கார்ல பாதில, 2317 மீட்டர்ல எறங்கி அங்கேருந்து மோந்தன்வேர் வரைக்கும் பக்கவாட்டுல போற பாதை, மூணு மணி நேரம், பெரும்பாலும் எறக்கந்தான். ரெண்டுக்குமே ரோப் கார் ஓடுதான்னு மொதல்ல பாத்துக்குங்க. என்னைக் கேட்டா உச்சில போட்டோ எடுத்தத விட இந்த நடைதான் மனசுல நிக்கும்.

கேள்வி: பெரியவனுக்கு 7, சின்னவளுக்கு 2 வயசு. எங்க கூட்டிட்டுப் போகலாம்? (வாசகர், வில்லியனூர்)

சின்னவள எகுயி து மிதி உச்சிக்கு விட மாட்டாங்க, 3 வயசுக்குக் கீழ அனுமதி கெடையாது, 5 வரைக்கும் வேணாம்னுதான் அவங்களே சொல்றாங்க. லே ஊஷ் பக்கத்துல மெர்லே பார்க்குக்கு கூட்டிட்டுப் போங்க, மலை ஆடும் மானும் கூண்டில்லாம பக்கத்துல வந்து நிக்கும். ஊர் நடுவுல ஓடற ஆர்வ் ஆத்துல தண்ணி அரிசி கழுவினாப்ல இருக்கும், பனியாறு அரைச்ச கல்லுமாவு அது, அழுக்கில்ல, ஆனா வேகம் ஜாஸ்தி, கொழந்தைங்கள எறக்கிடாதீங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். பட்டினிதானா? (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

உருளக்கிழங்கும் சீஸும்தான் அந்த ஊரே, பட்டினி இல்ல, ஆனா கேட்டு சாப்புடுங்க. தார்திஃப்லெத்னு உருளக்கிழங்கு, சீஸ் போட்டு சுடறதுல பன்றிக்கறி துண்டு போட்டிருப்பாங்க, ஃபோன்டூல வொயிட் வைன் ஊத்தித்தான் சீஸையே கரைப்பாங்க, ராக்லெத்னு உருக்கின சீஸ் சொன்னா அதோட ஒரு தட்டு கறியும் வரும், அத வேணாம்னுடலாம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போங்க. நெய்யும் பால்கோவாவும் மட்டும் பொட்டில வைக்காதீங்க, வெளிநாட்டுலேருந்து பால் பொருளும் கறியும் ஐரோப்பாவுக்குள்ள விட மாட்டாங்க, ஏர்போர்ட்லயே தூக்கிப் போட்ருவாங்க.

கேள்வி: பாராகிளைடிங் பயமில்லாம பண்ணலாமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பைலட்டோட சேத்துக் கட்டித்தான் பறக்க விடறாங்க, ப்ளான்ப்ராங்கற மலை மேட்டுலேருந்து ஓடிக் குதிக்கணும், அந்த நாலு அடி ஓடறது மட்டும்தான் உங்க வேல. பயமெல்லாம் இருக்கும்.

கேள்வி: ஜூலை 14 பிரான்ஸ் தேசிய நாளுக்கு அங்க இருக்கலாமா, இல்ல ஆகஸ்ட்டா? (வாசகி, முதலியார்பேட்டை)

ஜூலை 14 வாணவேடிக்கைய நம்ம பீச் ரோட்லயே பாத்துக்கலாம். ஆகஸ்ட் 15 வாக்குல போனா மலை கைடுங்களோட திருவிழா இருக்கும், 1821-லேருந்து இருக்கற சங்கம் அவங்களது. ஊர் நடுவுல சிலை ஒண்ணு பாப்பீங்க, பால்மாங்கற ஆளு மலைய காட்டறாரு, சோசூர்ங்கற பெரிய விஞ்ஞானி பாக்கறாரு. 1786 ஆகஸ்ட் 8-ல பால்மா கூட சேந்து மொத மொதலா உச்சி ஏறின பக்கார்ங்கற டாக்டர் அதுல இல்ல, அவருக்கு சிலை வைக்கவே 200 வருஷம் ஆச்சு, கொஞ்சம் தள்ளி தனியா ஒக்காந்திருப்பார், அவரையும் பாத்துட்டு வாங்க. ஆகஸ்ட்ல ரூம் கெடைக்கறது கஷ்டம், விசா இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாம எடுக்கணும், ரெண்டையும் இப்பவே ஆரம்பிங்க.