பணியாளரின் கவனக்குறைவுக்கு உரிமையாளர் பொறுப்பாவாரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு வணிக வளாகத்தில் சற்று முன்பு துடைக்கப்பட்டு ஈரமாக இருந்த தரையில் வழுக்கி விழுந்து என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை எதுவும் அங்கு இல்லை. கட்டட உரிமையாளரிடம் கேட்டபோது, ‘பலகை வைக்கும்படி நான் சொல்லித்தான் இருந்தேன். வைக்காதது துப்புரவுப் பணியாளரின் தவறு. அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன். வேண்டுமானால் அவரிடம் இழப்பீடு கேளுங்கள்’ என்கிறார். இப்படிச் சொல்லி அவர் ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

பதில்: பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி முடியாது. உங்கள் அம்மா விரைவில் எழுந்து நடமாட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். உரிமையாளர் சொன்ன காரணங்களில் எதுவும் அதனளவில் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப் போதுமானதன்று என்பதை விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒருவர் தம்முடைய வேலைக்காகப் பணியாளரை அமர்த்தியிருக்க, அந்த வேலையின்போது பணியாளர் காட்டிய கவனக்குறைவால் வேறொருவர் காயமடைந்தால், அமர்த்தியவரும் அதற்குப் பொறுப்பாவார். உரிமையாளர் நேரில் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. பணியாளரின் தவறே அவருடைய கணக்கில் சேர்கிறது. இது நேற்றுத் தோன்றிய கொள்கை அன்று. வயலில் பணியாள் மூட்டிய தீ பக்கத்து நிலத்துக்குப் பரவியதற்கு நில உரிமையாளர் பொறுப்பாவார் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1697-லேயே கூறியது. தீ மூட்டும்படி அவர் தனியாக உத்தரவிட்டாரா என்பது அங்கு முக்கியமாகக் கருதப்படவில்லை, பயிர்த்தொழிலின் ஒரு பகுதியாக அது செய்யப்பட்டதே போதுமானதாக இருந்தது. 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பும் இதே பொறுப்பை விதித்தது. 1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டத்தொகுப்பு மட்டும் சற்று வேறுபட்டு, பணியாளரைத் தேர்ந்தெடுப்பதிலும் மேற்பார்வையிடுவதிலும் உரிய கவனம் செலுத்தியதாக நிரூபிக்கும் உரிமையாளருக்கு விலகிக்கொள்ள வழி வைத்தது. ஆனால் அங்கேயும், கடைப் பணியாளர் எடுத்து நிறுத்திய தரைவிரிப்புச் சுருள்கள் சாய்ந்து விழுந்து ஒரு வாடிக்கையாளர் காயமடைந்த வழக்கில், வாங்க வந்தவரின் பாதுகாப்புக்குக் கடைக்காரர் பொறுப்பு என்று 1911-இல் உச்ச நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெவ்வேறு வழிகளில் சென்றாலும், தம் இடத்துக்கு மக்களை வரவழைத்து வணிகம் நடத்துபவர், அங்கே தம் ஆட்கள் செய்யும் தவறுக்கு முகம் கொடுக்க வேண்டும் என்ற இடத்துக்கே சட்டங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

இனி, ‘சொல்லித்தான் இருந்தேன்’ என்ற வாதத்துக்கு வருவோம். 1862-இல் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு குதிரைப் பேருந்து நிறுவனம் இதையே சொன்னது. மற்ற வண்டிகளோடு போட்டியிடவோ அவற்றை மறிக்கவோ கூடாது என்று ஓட்டுநர்களுக்கு அச்சிட்ட அட்டையே கொடுத்திருப்பதாக அது வாதிட்டது. இருந்தும், போட்டி நிறுவனத்தின் வண்டியை ஓட்டுநர் மறித்ததால் நேர்ந்த சேதத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்று முடிவானது. ஏனெனில், தடையை மீறினாலும் அவர் செய்துகொண்டிருந்தது நிறுவனத்தின் வேலைதான். உங்கள் அம்மா விழுந்த தரையைத் துடைத்தவரும் உரிமையாளரின் வேலையைத்தான், உரிமையாளரின் நேரத்தில் செய்துகொண்டிருந்தார். ஈரத் தரையைப் பலகையின்றி விட்டது அந்த வேலையைத் தவறாகச் செய்த முறையே தவிர வேலைக்கு வெளியே நடந்த ஒன்றன்று. பணியாளர் முதலாளியின் வேலையை அறவே விட்டுவிட்டுத் தம் சொந்தக் காரியத்துக்காகச் சுற்றும்போது விபத்து நேர்ந்தால் முதலாளி பொறுப்பாக மாட்டார் என்று 1834-இல் ஒரு வண்டி விபத்து வழக்கில் நீதிபதி பார்க் வரையறுத்தார். அந்த விதிவிலக்குக்கு உங்கள் வழக்கில் இடமே இல்லை. விபத்துக்குப் பின் துப்புரவுப் பணியாளரை நீக்கியதும், விபத்தின்போது அவர் பணியாளராக இருந்தார் என்ற உண்மையை மாற்றாது.

இன்னொரு செய்தியையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தரையில் கிடந்த தண்ணீர் வேறொரு வாடிக்கையாளர் சிந்தியதாக இருந்தால், அது எவ்வளவு நேரம் அங்கே இருந்தது, உரிமையாளரின் ஆட்கள் அதைக் கண்டிருக்க வேண்டுமா என்று பல நாடுகளின் நீதிமன்றங்கள் கேட்கும். அதை மெய்ப்பிப்பது கடினம். உரிமையாளரின் பணியாளரே ஆபத்தை உண்டாக்கியிருந்தால் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. ஆகவே ஈரம் எப்படி வந்தது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அன்றைய பதிவைப் பாதுகாக்கும்படி உரிமையாளருக்கு இன்றே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா அணிந்திருந்த காலணியைக் கழுவாமல், மேலும் பயன்படுத்தாமல் எடுத்து வையுங்கள். உடனிருந்தவர்களின் பெயர்களையும் மருத்துவமனைக் குறிப்புகளையும் திரட்டுங்கள். வழக்குத் தொடர நாட்டுக்கு நாடு வேறுபடும் காலவரம்பு உண்டு என்பதால், சமரசப் பேச்சிலேயே நாட்களைக் கடத்தாமல் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை விரைவில் பாருங்கள். அம்மா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடந்தார் என்பதுபோல் ஏதேனும் மெய்ப்பிக்கப்பட்டால் இழப்பீட்டின் ஒரு பகுதி குறையலாம்; அதனால் மட்டும் உரிமை முழுவதும் போய்விடும் என்ற பழைய நிலை இன்று பெரும்பாலான இடங்களில் இல்லை.

கேள்வி: நான் ஒரு சிறிய அலுவலகக் கட்டடத்தின் உரிமையாளர். துப்புரவுக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் வெளி ஒப்பந்ததாரர்களை வைத்திருக்கிறேன். அவர்களுடைய ஆட்கள் தவறு செய்தாலும் நான்தான் பொறுப்பா? ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று வாசலில் எழுதி வைத்தால் போதுமா?

பதில்: ஒப்பந்ததாரரின் தவறு, பணியாளரின் தவறைப்போலத் தானாகவே உங்கள் கணக்கில் சேராது. ஆனாலும் வருவோரின் பாதுகாப்பு குறித்த உங்கள் சொந்தக் கடமை அப்படியேதான் இருக்கிறது. இதற்கு 1940-களின் இங்கிலாந்து வழக்குகள் இரண்டு நல்ல விளக்கமாக அமைகின்றன. ஒன்றில் லிஃப்ட் விழுந்து ஒருவர் காயமடைந்தார். தேர்ந்த பொறியாளர்களிடம் பராமரிப்பை ஒப்படைத்திருந்த கட்டட உரிமையாளர் பொறுப்பாக்கப்படவில்லை, பொறியாளர்களே பொறுப்பாயினர். மற்றொன்றில் பள்ளியின் வாசற்படியில் உறைபனியைச் சரியாக அகற்றாமல் விட்டதால் மாணவர் ஒருவர் வழுக்கி விழுந்தார். படியைத் துப்புரவு செய்வதில் நிபுணர் மட்டுமே அறியும் நுட்பம் ஒன்றும் இல்லை என்று கூறிப் பள்ளி நிர்வாகத்தைப் பொறுப்பாக்கினர். லிஃப்ட்டின் உள்ளமைப்பை உங்களால் சோதிக்க முடியாது. தரை ஈரமாக இருப்பதைப் பார்க்க உங்களுக்குக் கண் போதும். ஒப்பந்ததாரரின் தகுதியையும் அவருடைய காப்பீட்டையும் சரிபார்த்து, வேலை முடிந்தபின் பார்வையிட்டுக் குறித்து வையுங்கள்.

வாசல் அறிவிப்பை நம்பாதீர்கள். பிரிட்டனின் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் எச்சரிக்கை வருபவரை உண்மையில் பாதுகாக்கப் போதுமானதாக இருந்தால்தான் அது உரிமையாளருக்கு உதவும். கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று வணிக நிறுவனம் எழுதி வைப்பது செல்லாது என அங்கு 1977-இல் தனிச் சட்டமே வந்தது. அந்தப் பலகைக்குச் செலவிடும் பணத்தில் ‘தரை ஈரமாக உள்ளது’ என்ற மடக்குப் பலகைகளை வாங்குங்கள். வருவோர் காயமடைந்தால் நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் துப்புரவுப் பணியாளர். என் கவனக்குறைவால் ஒருவர் விழுந்துவிட்டார். அவருடைய மருத்துவச் செலவு முழுவதையும் என் சம்பளத்தில் பிடிப்பதாக முதலாளி சொல்கிறார். இது சரியா?

பதில்: முதலாளி பொறுப்பேற்பதால் உங்கள் தனிப்பட்ட பொறுப்பு சட்டத்தின் பார்வையில் மறைந்துவிடுவதில்லை. லாரியைப் பின்னோக்கி ஓட்டி, உடன் வேலை செய்த தம் தந்தையையே காயப்படுத்திய ஓர் ஓட்டுநரிடமிருந்து, இழப்பீட்டைச் செலுத்திய காப்பீட்டு நிறுவனம் முதலாளியின் பெயரில் அத்தொகையைத் திரும்பப் பெறலாம் என்று, அன்று அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் அவை 1957-இல் தீர்ப்பளித்தது. அது கடுமையானது என்று பலரும் கண்டித்தனர். அதன்பின் அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள், வேண்டுமென்றே தவறிழைத்ததோ கூட்டுச்சதியோ இல்லாத நிலையில் இந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை என்று தமக்குள் உடன்பட்டன. அவர்கள் செய்தது நியாயம் என்றே நான் கருதுகிறேன்: குறைந்த கூலிக்கு அவசர அவசரமாக வேலை வாங்கிவிட்டு, அந்த அவசரத்தின் விலையையும் கூலிக்காரர் தலையிலேயே ஏற்றுவது அறமன்று.

சம்பளப் பிடித்தம் வேறு செய்தி. எந்தெந்தத் தொகைகளைப் பிடிக்கலாம், எவ்வளவு வரை பிடிக்கலாம் என்பதற்குப் பல நாடுகளின் கூலிச் சட்டங்களில் கட்டுப்பாடு உண்டு. முதலாளி தாமாகவே முடிவெடுத்துப் பிடிப்பது அவற்றுக்கு முரணாக இருக்கலாம். ஆகவே எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் தொழிலாளர் அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ விசாரியுங்கள். அன்று உங்களுக்கு எச்சரிக்கைப் பலகை தரப்பட்டிருந்ததா, எத்தனை தளங்களை எவ்வளவு நேரத்தில் துடைக்கச் சொன்னார்கள் என்பதை நினைவிருக்கும்போதே தேதியிட்டு எழுதி, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.