48,000 ரூபாய் செலவு செய்து பழைய பவர் டில்லரைச் சரிசெய்யலாமா?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் மூன்றரை ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன், வயது 54. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய 13 குதிரைத்திறன் பவர் டில்லர், இப்போது நீலப் புகை கக்குகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது. லைனர், பிஸ்டன், ரிங், கிராங்க், பேரிங் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் ஆகும், நான்கைந்து வருடம் ஓடும் என்கிறார் மெக்கானிக். கியர் பாக்ஸுக்கும் ரோட்டரிக்கும் போன வருடம்தான் 18,000 செலவழித்தேன். இப்படியே விற்றால் 35,000 தர ஒருவர் தயாராக இருக்கிறார். புதியது 2,30,000, மானியம் 85,000 வரை கிடைக்கலாம் என்கிறார் டீலர். சொந்த நிலத்தில் இரண்டு போகத்துக்கும் ஆண்டுக்கு 45 மணி நேரம் ஓட்டுகிறேன். வெளி வேலையில் மணிக்கு 600 வாங்கினால், டீசலும் உடன் நிற்கும் ஆளின் கூலியும் போக 350 நிற்கும். ஆனால் டிராக்டர்கள் வந்த பிறகு அந்த வேலை 110 மணியிலிருந்து 85 ஆகி, போன வருடம் 60 மணியாகக் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: இவ்வளவு விவரமாகக் கணக்கு எழுதி வைத்திருப்பதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், பெரும்பாலோர் மெக்கானிக் சொன்ன தொகையை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். முதலில் அந்த 18,000 ரூபாயை எடுத்துக்கொள்வோம். அது போன பணம். "அவ்வளவு போட்டுவிட்டோமே" என்பதற்காக மேலும் 48,000 போடுவது சரியாகாது. ஆனால் அந்தச் செலவால் கியர் பாக்ஸும் ரோட்டரியும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பது உண்மை. எனவே பிரச்சினை இன்ஜினோடு நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழுதுபார்ப்பின் விலை 48,000 அல்ல என்பதைக் கவனியுங்கள். விற்றால் கிடைக்கும் 35,000 ரூபாயையும் நீங்கள் விட்டுக்கொடுப்பதால், இன்று இந்த வண்டியில் நீங்கள் போடும் முதலீடு 83,000 ரூபாய். மெக்கானிக் சொல்வதில் குறைந்த கணக்கான நான்கு வருடத்தையே எடுத்துக்கொண்டு, அதன் முடிவில் 25,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்தால், தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 14,500. பதினேழு வயதை எட்டப்போகும் இயந்திரத்துக்குப் பெல்ட், பிளேடு, நாசில் என்று சில்லறைச் செலவு ஆண்டுக்கு 8,000 ஆகாமல் இருக்காது. முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு (83,000, 25,000 இரண்டின் சராசரியான 54,000 ரூபாய்க்கு) 9% வட்டி போட்டால் ஏறக்குறைய 4,900. ஆகமொத்தம் ஆண்டுக்குச் சுமார் 27,400 ரூபாய்.

வண்டியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 45 மணி நேரத்தையும் 600 ரூபாய் வாடகைக்கு எடுத்தால் 27,000. வாடகையில் டீசலும் அடக்கம். சொந்த வண்டியானால் மணிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஏறக்குறைய 6,300 ரூபாய்க்கு நீங்களே ஊற்றியிருப்பீர்கள். அதைக் கழித்தால், சொந்த வண்டி உங்களுக்கு ஆண்டுக்கு மிச்சப்படுத்துவது 20,700 ரூபாய்தான். மீதி 6,700 ரூபாயை வெளி வேலை ஈட்டித் தர வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 19 மணி நேரம் வேண்டும்.

இன்று 60 மணி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஆண்டுக்கு 25 மணி குறைந்துகொண்டே வந்திருப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதே போக்கில் அடுத்த ஆண்டு 35, அதற்கடுத்த ஆண்டு 10, பிறகு ஒன்றுமில்லை. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 45 மணி, அதாவது சராசரியாக 11 மணிதான். சேற்றில் டில்லருக்குப் பின்னால் நடக்கும் உங்கள் உழைப்புக்கு இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட நான் போடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கைப்பிடியின் அதிர்வோடு ஒரு நாள் முழுக்கத் தொளி உழுதுவிட்டு வரும் 54 வயதுக்காரரின் கூலி அது. ஆகவே 48,000 கொடுத்து இந்த இன்ஜினைச் சரிசெய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் செலவு 25,000 ரூபாய்க்குள் முடிந்தால் என் பதில் வேறு. அப்போது ஆண்டுச் செலவு ஏறக்குறைய 20,600 ஆகிவிடும். வெளி வேலை ஒரு மணிகூட வராவிட்டாலும் சொந்த நிலமே அதைத் தாங்கும். அதனால் 25,000 என்பதை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் நீலப் புகையும், மூடி வழியாக வரும் புகையும் ரிங், பிஸ்டன், லைனர் தேய்ந்ததற்கான அடையாளங்கள். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் போய்விட்டது என்பதற்கு அவை மட்டும் சான்றாகாது. கிராங்க் கேஸ் மூடியைக் கழற்றி, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் உங்கள் கைக்கே தெரியும். ஆட்டம் இல்லையென்றால் கிராங்கை ஏன் தொட வேண்டும் என்று கேட்டு, உதிரி பாகம், லேத் வேலை, கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். முழு இன்ஜினையும் பிரித்துப் போட மட்டும் இப்போதே சம்மதிக்காதீர்கள். பிரித்துக் கோணியில் கட்டிய இன்ஜினோடு போனால் அந்த 35,000 ரூபாயை யாரும் தர மாட்டார்கள்.

புதிய வண்டியைப் பற்றி: மானியம் முழுதாகக் கிடைத்து 1,45,000 ரூபாய்க்கு வாங்கி, பத்து ஆண்டு ஓட்டி, 45,000 ரூபாய்க்கு விற்பதாகவும், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 4,000 ஆவதாகவும் கணக்கிட்டால், வட்டியோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 22,600 ஆகிறது. 48,000 ரூபாய் பழுதுபார்ப்பைவிட இது மலிவாகத் தெரிந்தாலும், உங்கள் 64 வயது வரை நீங்களே பின்னால் நடக்க வேண்டிய கணக்கு இது. வெளி வேலை நின்றுவிட்டால் இதுவும் நட்டம்தான். மானியம் இல்லையென்றால் ஆண்டுச் செலவு 35,000 ரூபாயை நெருங்கும். அதை யோசிக்கவே வேண்டாம். வீட்டில் வேறு யாராவது ஓட்ட முன்வந்து, வாங்குவதென்று முடிவு செய்தால், வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் முதலில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே வாங்குங்கள். முன்பே வாங்கிய வண்டிக்கு மானியம் கேட்க முடியாது. சிறு, குறு விவசாயிகள் உள்ளிட்டோருக்கு 50%, மற்றவர்களுக்கு 40% என்ற அளவில் உச்சவரம்போடு மானியம் உண்டு. மூன்றரை ஏக்கர்தான் உங்கள் மொத்த நிலம் என்றால் சிறு விவசாயி சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றுவிட்டு வாடகைக்குப் போவதில் எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு. மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும் வாரத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் உழவு வேண்டும்; நாற்று வயது தாண்டினால் நட்டம் வாடகையைவிடப் பெரிது. டிராக்டர் இறங்க முடியாத சிறு வயல்கள் உங்களிடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கு டில்லர் வைத்திருக்கும் ஒருவரிடம் இப்போதே பேசி, முன்பணம் கொடுத்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற வயல்களுக்கு உழவன் செயலி வழியாக அரசு வாடகை டிராக்டரையும் பதிவு செய்யலாம்.

25,000 ரூபாய்க்குள் முடியும் என்று தெரிந்தால், அதற்காக மீண்டும் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். கிசான் கடன் அட்டை வரம்பைக் கணக்கிடும்போது, பயிர்ச் செலவுக்கு மேல் 20% பண்ணைக் கருவிகளின் பராமரிப்பு போன்ற செலவுகளுக்காகச் சேர்க்கப்படுகிறது. உங்கள் அட்டையில் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேளுங்கள். குறுவைக்கு ஜூன் 12 அன்று அணை திறப்பது வழக்கம் என்பதால், மே மாதம் முடிவதற்குள் ராடை அசைத்துப் பார்க்கும் வேலையையாவது முடித்துவிடுங்கள்.